கைக்கு அடங்கும் கமலை

(உத்தமபாளையத்தில் ஆசிரியர்கள், மாணவர்கள், மரவேலை செய்பவர்கள் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

"இது பரீட்சையில வருமா சார்?" என்று மாணவர்கள் வாசலிலேயே கேட்டுவிட்டார்கள். வராது. பரீட்சையில் வராத ஒன்றைப் பற்றிப் பேசுவதற்கு இத்தனை பேர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தை விட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். அதற்கே நன்றி சொல்ல வேண்டும்.

மரத்தில் இயங்கும் மாதிரிகளைச் செய்யும் பொழுதுபோக்கைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் நம்முடைய மலையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

போடியிலிருந்து மேற்கே குரங்கணி பக்கம் போனால் கொட்டகுடி. தோட்டத்துத் துரைமார் அந்த ஊருக்கு வைத்த பெயர் பாட்டம் ஸ்டேஷன். உச்சியில் டாப் ஸ்டேஷன். நடுவழியில் சென்ட்ரல் ஸ்டேஷன். மூன்று இடத்திலும் பெயரில் ஸ்டேஷன் இருக்கிறது, ஒன்றிலும் ரயில் இல்லை. காரணம் தேயிலை. மூணாறில் பறித்துப் பெட்டியில் அடைத்த தேயிலையை டாப் ஸ்டேஷன் வரை கொண்டுவந்து, அங்கிருந்து கம்பி வழியாக, ரோப்வேயில், சுமார் ஐந்து கிலோமீட்டர் கீழே கொட்டகுடிக்கு இறக்கினார்கள். பிறகு மாட்டுவண்டியில் போடி. பிறகு ரயில், கப்பல், இங்கிலாந்து.

மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு எப்படி வந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த கதை. 1902-இல் குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக ஒரு ரயில் பாதை போட்டார்கள். ஒரே ஒரு தண்டவாளம். இழுத்தது காளை மாடு. யூயிங் முறை என்று அதற்குப் பெயர். வண்டிக்கு அடியில் சின்னச் சக்கரங்கள் வரிசையாகத் தண்டவாளத்தின் மேல் ஓடும். பக்கத்தில் ஒரு கை நீட்டி, அதன் முனையில் ஒரு பெரிய சக்கரம். அது பக்கத்து மண் ரோட்டில் ஓடும். அந்தப் பக்கச் சக்கரம்தான் வண்டியைச் சாயாமல் பிடிக்கும்.

மாணவர்கள் ஒரு நிமிடம் கணக்குப் போடுங்கள். நூறு கிலோ பாரம். அதன் எடை மையம் தண்டவாளத்துக்கு நேர் மேலே இல்லாமல் ஐந்து சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. பக்கச் சக்கரம் நூறு சென்டிமீட்டர் தள்ளி ஓடுகிறது. பக்கச் சக்கரத்தின் மேல் எவ்வளவு பாரம் விழும்? ஐந்து கிலோ. மீதி தொண்ணூற்றைந்தும் தண்டவாளத்தில். அதனால் ரோடு குண்டும் குழியுமாக இருந்தாலும் மாட்டுக்குப் பெரிய சிரமம் இல்லை. இரும்புச் செலவும் பாதி. ஆனால் பெட்டியை ஏற்றுகிற ஆள் அவசரத்தில் பாரத்தைப் பக்கச் சக்கரம் இல்லாத பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டால் வண்டி குடை சாயும். பெட்டி அடுக்கியவருக்குத் தராசுக் கணக்கு கையில் வந்திருக்க வேண்டும். 1908-இல் இதை எடுத்துவிட்டு இரண்டடி அகலக் குறுகிய பாதையாக மாற்றினார்கள். 1924 வெள்ளம், மலையாளத்துக்காரர்கள் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்று சொல்வது, அதையும் அடித்துக்கொண்டு போய்விட்டது. இதே முறையில் பாட்டியாலாவில் 1907-இல் போட்ட பாதையின் நீராவி எஞ்சின் ஒன்று தில்லி ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நம் மலையில் ஓடிய வண்டியைப் பார்க்க வழி இல்லை. ஆனால் ஒரு அடிஸ்கேலை நிமிர்த்தி வைத்துத் தண்டவாளமாக்கி, நூல்கண்டுக் கட்டை நான்கைத் தேடி எடுத்து, ஒட்டுப்பலகைத் துண்டில் பொருத்தினால், நூற்றிருபது வருடத்துக்கு முந்தைய அந்த வண்டி உங்கள் வீட்டு மேசையில் ஓடும். சாய்வதும் அதேபோலச் சாயும். நான் இன்று சொல்ல வந்தது இவ்வளவுதான். மர மாதிரி செய்யுங்கள். செய்யும்போது நம்முடைய எந்திரங்களைச் செய்யுங்கள். மீதி நேரமெல்லாம் அதற்கான காரணங்கள்.

இப்போது கடையில், ஆன்லைனில் ஒரு பொருள் கிடைக்கிறது. 2014-இல் உக்ரைனில் தொடங்கிய யூகியர்ஸ், சீனாவின் ரோக்கர், போலந்துக் கம்பெனி ஒன்று. பெட்டியைத் திறந்தால் லேசரால் வெட்டிய ஒட்டுப்பலகைத் தகடுகள். ஒவ்வொரு பாகத்தையும் விரலால் அழுத்தி எடுத்து, படம் பார்த்துச் சேர்க்க வேண்டும். பசை வேண்டாம், ஆணி வேண்டாம். முடிந்ததும் ரப்பர் பேண்டை முறுக்கிவிட்டால் ரயில் எஞ்சின் ஓடும், நகைப்பெட்டி திறக்கும், கடிகாரம் டிக் டிக் என்னும். விலை சில ஆயிரம். இதைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. அச்சுகளில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் உராய்வு எவ்வளவு குறைகிறது என்பதை ஒரு பிள்ளை தன் விரலால் தெரிந்துகொள்கிறான் என்றால் அது நல்ல பாடம்தான். ஆனால் அந்தப் பெட்டியில் யோசிக்க வேண்டியதையெல்லாம் யாரோ ஏற்கெனவே யோசித்து முடித்துவிட்டார்கள். பல் எத்தனை, அச்சு எவ்வளவு தடிமன், இடைவெளி எவ்வளவு விட வேண்டும், எல்லாம் அந்தக் கம்பெனியிலேயே முடிவாகிவிட்டது. நமக்கு விட்டுவைத்தது பொறுமை மட்டும்.

உடைந்த பல்லை வைத்து இதைக் காட்டுகிறேன். இதோ, வேப்பம் பலகையில் வெட்டிய ஒரு பல்சக்கரம். இருபத்து நான்கு பல். ஒரே பலகை. முன்னால் இருப்பவர்களுக்குத் தெரியும், இரண்டு பக்கம் பற்கள் மொட்டையாக இருக்கின்றன. மேலும் கீழும் உள்ள பற்கள் அப்படியே இருக்கின்றன. ஏன்? மரத்துக்கு ரேகை உண்டு. ரேகை ஓடும் திசையில் நீட்டிக்கொண்டிருக்கும் பல் பலமானது. சக்கரத்தைக் கால்வட்டம் திருப்பிப் பாருங்கள், அங்கே ரேகை பல்லுக்குக் குறுக்கே ஓடுகிறது. பிஸ்கட் உடைவதுபோல அந்தப் பல் பொட்டென்று உடையும். ஒட்டுப்பலகையில் இந்தச் சிக்கல் இல்லை, ஏனென்றால் ஒரு அடுக்கின் ரேகைக்குக் குறுக்கே அடுத்த அடுக்கை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். கிட் வாங்கிச் செய்தவனுக்கு ஏன் ஒட்டுப்பலகை என்ற கேள்வியே எழாது. தானே வெட்டியவனுக்கு இரண்டாவது நிமிடத்தில் எழும். இங்கே இருக்கும் தச்சர்கள் சிரிக்கிறீர்கள். உங்களுக்கு இது அரிச்சுவடி. மெக்கானிக்கல் படித்துப் பட்டம் வாங்கிய பலருக்கு இது தெரியாது என்பதை நான் வகுப்பறையில் பார்த்திருக்கிறேன்.

ஒட்டுப்பலகை வருவதற்கு முன்னால் என்ன செய்தார்கள்? இங்கிலாந்தில் ஜான் ஹாரிசன் என்று ஒருவர், 1693-இல் பிறந்தவர், தச்சர் மகன், தானும் தச்சர். கடிகாரம் செய்யும் குலத்தொழில் இல்லை. இருபது வயதில், 1713-இல், ஏறக்குறைய முழுக்க மரத்தில் ஒரு பெட்டிக் கடிகாரம் செய்தார். சக்கரத்தை ஓக் மரத்தில் வெட்டி, விளிம்பில் பள்ளம் எடுத்து, பற்களைச் சின்னச் சின்னக் கூட்டமாகத் தனித்தனியே வெட்டிச் செருகினார். ஒவ்வொரு கூட்டத்திலும் ரேகை நடுவிலிருந்து வெளியே பாயும்படி வைத்தார். அதனால் எந்தப் பல்லும் பலவீனமில்லை. அடுத்தது எண்ணெய்ச் சிக்கல். அந்தக் கால எண்ணெய் குளிரில் உறையும், நாளானால் பிசினாகும், கடிகாரம் பிந்தும். லிக்னம் வைட்டே என்ற, தன்னுள்ளேயே எண்ணெய்ப் பசை கொண்ட கடினமான மரத்தை உருளைகளுக்குப் போட்டு, எண்ணெயே தேவைப்படாத கடிகாரம் ஒன்றை 1722 வாக்கில் பிராக்கில்ஸ்பி பார்க் என்ற மாளிகையின் லாயத்துக் கோபுரத்துக்குச் செய்து கொடுத்தார். முந்நூறு வருடமாகிறது, அது இன்னும் ஓடுகிறது. கடலில் தீர்க்கரேகை கண்டுபிடிக்க உதவிய கடிகாரத்தை உலகுக்குக் கொடுத்தவர் பிற்பாடு இவர்தான். மரத்தில் கை தேய்ந்த மனிதரால்தான் அது முடிந்தது என்பது என் கட்சி. வரலாற்றாசிரியர்கள் வேறு காரணமும் சொல்லலாம்.

நம் ஊருக்கு வருவோம். மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் கமலையைப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள். ... நரைத்த தலைகள் மட்டும். ஓட்டியவர்கள்? நாலு பேர். சரி, தவறாகச் சொன்னால் திருத்துங்கள்.

கம்பம் பள்ளத்தாக்கு என்றால் 1895-இல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணைத் தண்ணீர்தான் எல்லாருக்கும் நினைவு வரும். ஜனவரி 15 அவர் பிறந்த நாளுக்குப் பொங்கல் வைக்கிற ஊர்கள் நமக்கு உண்டு, நியாயம்தான். ஆனால் வாய்க்கால் எட்டாத மேட்டு நிலமெல்லாம் கிணறுதானே? மின்மோட்டார் வரும்வரை அந்தக் கிணறுகளில் கமலைதானே? அந்த எந்திரத்துக்கு யாரும் மணிமண்டபம் கட்டவில்லை.

அது எவ்வளவு சாமர்த்தியமான எந்திரம் என்று கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். தண்ணீர் அள்ளும் இரும்புச் சால். அதன் அடியில் தைத்த, யானைத் தும்பிக்கை போன்ற தோல் குழாய். அதை வால் என்பார்கள். ஊருக்கு ஊர் பேர் மாறும். கிணற்று விளிம்பில், மேலே உயரத்தில் ஒரு சக்கரம். அதற்குக் கீழே, தொட்டியை ஒட்டி, தரை மட்டத்தில் ஒரு நீள உருளை. சாலைத் தூக்கும் வடம் மேல் சக்கரத்தின் வழியாக வரும். வாலின் வாயைக் கட்டிய வால்கயிறு கீழ் உருளையின் வழியாக வரும். இரண்டு கயிறும் ஒரே நுகத்தடியில் முடியும். மாடுகள் சரிவில் இறங்கும்போது இரண்டும் ஒரே தூரம்தான் நகரும்.

அதுதான் சூட்சுமம். சால் கிணற்றுக்குள் ஏறும்போது வால் மடங்கி, அதன் வாய் சாலின் விளிம்பு மட்டத்துக்கு மேலே நிற்கும். இரண்டு கயிறும் சமமாக ஏறுவதால் வழி நெடுக அப்படியே நிற்கும், ஒரு சொட்டு சிந்தாது. வாலின் வாய் கீழ் உருளையைத் தொட்டதும் அதற்கு மேலே ஏற வழியில்லை. தொட்டியைப் பார்த்துப் படுக்கையாக வெளியே வரும். சாலோ இன்னும் மேலே ஏறிக்கொண்டே இருக்கிறது. இப்போது சால் உயரத்தில், வாய் தாழ்வில். தண்ணீர் தானாகத் தொட்டிக்குள் கொட்டிவிடும். கவிழ்க்க ஆள் வேண்டாம், திறக்க அடைக்க மூடி வேண்டாம். மேல் சக்கரத்துக்கும் கீழ் உருளைக்கும் உள்ள உயர வித்தியாசமும், இரண்டு கயிற்றின் நீள வித்தியாசமும் சேர்ந்து அந்த வேலையைச் செய்துவிடுகின்றன. பிறகு மாடுகள் பின்னோக்கி நடந்து சரிவில் ஏறும், சால் இறங்கும். இழுக்கும்போது மாட்டின் எடையே சரிவில் உதவிக்கு வருகிறது.

வால்கயிறு ஒரு சாண் நீண்டுபோனால் என்ன ஆகும்? வாய் தாழ்ந்து தொங்கும், பாதித் தண்ணீர் கிணற்றிலேயே விழும். ஒரு சாண் குறைந்தால்? வாய் சீக்கிரம் உருளையைத் தாண்டிவிடும், சால் மேலே வரும் முன்னாலேயே தோல் விறைத்து இழுபடும். கயிறு நனைந்தால் நீளம் மாறும். கமலை ஓட்டியவர்களுக்கு இந்த அளவெல்லாம் அத்துப்படி. எந்தப் பொறியியல் புத்தகத்தில் இதைப் படமாகப் போட்டாலும் மாணவர்கள் மூன்று தடவை படித்துத்தான் புரிந்துகொள்வார்கள். மரத்தில் ஒரு முழம் உயரத்துக்குச் செய்து கயிற்றை இழுத்துக் காட்டினால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

இன்றைக்குக் கிணற்றில் என்ன இருக்கிறது? கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் சப்மெர்சிபிள் மோட்டார். சுவரில் ஒரு பெட்டி. பெட்டியில் பச்சைப் பொத்தான், சிவப்புப் பொத்தான். விவசாயிக்கு அது வரம், மாட்டுக்கும் அது வரம். யாரையும் மறுபடி கமலை ஓட்டச் சொல்லவில்லை. ஆனால் முன்பெல்லாம் எந்திரம் வெட்டவெளியில் இருந்தது. பள்ளிக்கூடம் போகும் வழியில் ஒரு பிள்ளை கமலையைப் பார்த்தது, வாகை மரச் செக்கைப் பார்த்தது, வண்டிப் பட்டறையைப் பார்த்தது. எது எதை இழுக்கிறது என்று கண்ணே கற்றுக்கொண்டது. இப்போது எல்லாவற்றுக்கும் மூடி போட்டாகிவிட்டது.

வண்டிப் பட்டறையைச் சொன்னேன். கம்பம் பக்கம் மாட்டுவண்டிப் பந்தயம் என்றால் கூட்டம் ரோட்டை அடைத்துக்கொள்ளும். தட்டான்சிட்டு, தேன்சிட்டு, பூஞ்சிட்டு, கரிச்சான், நடுமாடு, பெரியமாடு என்று பிரிவுகளை மாணவர்கள் தூக்கத்திலும் சொல்வீர்கள். மாட்டைப் பற்றி எல்லாம் தெரியும். பழைய பாரவண்டியின் சக்கரம் எப்படி ஒன்றாக நின்றது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? நடுவில் குடம், அதிலிருந்து ஆரக்கால், சுற்றிலும் துண்டு துண்டாக வட்டை. கருவேலங்கட்டை. ஒரு ஆணி கிடையாது. இவ்வளவையும் சேர்த்துப் பிடித்தது இரும்புப் பட்டா. பட்டாவைச் சக்கரத்தின் சுற்றளவைவிடக் கொஞ்சம் சின்னதாகச் செய்து, வறட்டியை வட்டமாக அடுக்கி மூட்டிய நெருப்பில் சிவக்கக் காய்ச்சி, இடுக்கியால் நாலு பேர் தூக்கிச் சக்கரத்தில் இறக்கி, உடனே தண்ணீர் ஊற்றுவார்கள். ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள சக்கரத்துக்குச் சுற்றளவு 4.7 மீட்டர். இரும்பு 500 டிகிரி சூடேறினால் அந்த நீளத்தில் ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர் நீளும். ஆறும்போது அந்த மூன்று சென்டிமீட்டரும் சுருங்கி மூட்டுகளையெல்லாம் இறுக்கும். வெப்ப விரிவு என்று பாடத்தில் தண்டவாள இடைவெளியைப் படம் போட்டிருப்பார்கள். நம் ஊர் எடுத்துக்காட்டு இது.

மாதிரியில் இதைச் செய்வது சிரமம், நெருப்புச் சமாச்சாரம் என்பதால் பிள்ளைகளிடம் கொடுக்கவும் முடியாது. குடம், ஆரக்கால், வட்டை மூன்றையும் பொருத்தி, பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி மேலே மாட்டினால் போதும். இழுவிசை எப்படி எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கிறது என்பது கைக்குத் தெரியும்.

விளையாட்டுக்கு மரத்தில் வண்டி செய்வது நமக்குப் புதிது கிடையாது. பட்டினப்பாலையில் மூன்று கால் சிறுதேர் வருகிறது. பெரும்பாணாற்றுப்படையில் தச்சச் சிறுவர் செய்த, ஏறிப் போக முடியாத, உருட்டி விளையாடும் தேர் வருகிறது. ஆண்பால் பிள்ளைத்தமிழில் சிறுதேருக்கென்றே ஒரு பருவம் ஒதுக்கியிருக்கிறார்கள். நடைவண்டி நேற்றுவரை எல்லா வீட்டிலும் இருந்தது. நுங்கு வண்டி, பனையோலையை மடித்துக் கருவேலமுள்ளை அச்சாகக் குத்திய காற்றாடி, இதையெல்லாம் எந்தக் கம்பெனியும் விற்கவில்லை. கம்பம் கணவாய்க் காற்றில் அந்தக் காற்றாடி சுற்றுவதைப் பார்த்த ஊருக்குத்தான் இப்போது நூற்றுக்கணக்கான அடி உயரக் காற்றாலைகள் வந்து நிற்கின்றன. ஓலைக் காற்றாடியின் இரண்டு இதழையும் ஏன் எதிரெதிர்ப் பக்கம் மடிக்கிறோம் என்று ஒருமுறை யோசித்தவனுக்கு அந்தக் காற்றாலையின் இறக்கை ஏன் காற்றுக்குச் சாய்வாக இருக்கிறது என்பதும் பிடிபடும்.

இதற்கெல்லாம் சேர்த்து இப்போது மேக்கர் கல்ச்சர் என்று பெயர். 2005-இல் அமெரிக்காவில் டேல் டோஹர்ட்டி என்பவர் 'மேக்' என்று ஒரு பத்திரிகை தொடங்கினார். அடுத்த வருடம் கலிபோர்னியாவில் சான் மட்டேயோ ஊரில் மேக்கர் ஃபேர் என்று திருவிழா. உலகம் முழுவதும் பரவியது. 2019-இல் அந்தக் கம்பெனி பணமில்லாமல் கதவைச் சாத்தியது, பிறகு வேறு உருவில் திறந்தது. கம்பெனி மூடினாலும் ஆட்கள் செய்வதை நிறுத்தவில்லை என்பதை மட்டும் கவனியுங்கள்.

இந்தியாவில் இதை முதலில் பிடித்துக்கொண்டது பெரிய நகரம் எதுவும் இல்லை. புனே பக்கத்தில் பாபல் என்ற வறண்ட கிராமம். டாக்டர் கல்பாக் 1983-இல் அங்கே விஞ்ஞான ஆசிரமம் தொடங்கினார். பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளுக்கு வேலை செய்யச் செய்யப் படிப்பு. அமெரிக்க எம்ஐடி பேராசிரியர் நீல் கெர்ஷன்ஃபெல்டின் ஃபேப் லேப் திட்டம் தன் நாட்டுக்கு வெளியே 2002-இல் கால் வைத்த முதல் இடங்களில் ஒன்று அந்தக் கிராமம். நம் பள்ளிகளுக்கு 2016 முதல் அடல் டிங்கரிங் லேப் வருகிறது, ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை. முப்பரிமாண அச்சு எந்திரம், சென்சார், ரோபோ எல்லாம் வரும். வரட்டும். உடைந்துவிடுமோ என்ற பயத்தில் யாரும் அந்த அறையைப் பூட்டி வைக்காதீர்கள் என்பது ஒரு வேண்டுகோள். இன்னொன்று, அந்தப் பணத்தில் ஒரு தச்சுப் பட்டறை மேசையும், வாரம் ஒருநாள் வந்து போக உள்ளூர்த் தச்சர் ஒருவருக்குச் சம்பளமும் கொடுக்க முடியுமா என்று தலைமை ஆசிரியர்கள் விசாரித்துப் பாருங்கள். ரோபோவைவிட அது அதிகம் சொல்லிக் கொடுக்கும். இது என் பிடிவாதம், ஒப்புக்கொள்ள வேண்டும் என்று கட்டாயமில்லை.

தமிழ்நாட்டில் ஒரு மர மாதிரி நாட்டின் கொள்கை வரை போன கதை ஒன்று உண்டு. 1929-இல் காந்தியின் நூற்போர் சங்கம் ஒரு லட்சம் ரூபாய் பரிசு அறிவித்தது. குடிசையில் வைத்து ஓட்டக்கூடிய, 150 ரூபாய்க்கு மேல் போகாத, இருபது வருடம் உழைக்கிற, பழைய ராட்டையைவிடப் பல மடங்கு நூல் தரும் எந்திரம் வேண்டும். அந்தக் காலத்து லட்சம், யோசித்துப் பாருங்கள். பரிசை யாரும் வாங்கவில்லை. காந்தி மறைந்த பிறகு, நம் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஏகாம்பரநாதன் ஒரு ராட்டை செய்தார். அவர் பெயரை வைத்தே அதற்கு அம்பர் சர்க்கா என்று பெயர் வந்தது. அவர் என்ன செய்தார்? மில்லில் ஓடும் எந்திரத்தின் தத்துவத்தை எடுத்துக் கைப்பிடியில் சுற்றும் அளவுக்குச் சிறிதாக்கினார். பின்னால் ஒரு ஜோடி உருளை மெதுவாகச் சுற்றும், முன்னால் ஒரு ஜோடி வேகமாகச் சுற்றும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிய பஞ்சு இழுபட்டு மெலியும், பிறகு முறுக்கேறும். நம் மாவட்டத்தில் நூல் மில்லுக்குப் போன பெண்கள் இருப்பீர்கள், உங்களுக்கு அந்த உருளைகள் தெரியும். மத்திய அரசு 1956-இல் அதற்கென்று குழு போட்டு ஆராய்ந்து, இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தில் சேர்த்தது. எதிர்பார்த்த அளவுக்கு அது வெற்றி பெற்றதா என்பது பெரிய விவாதம், இன்றைய பேச்சுக்கு அது வேண்டாம். பெரிய எந்திரத்தைச் சிறிதாக்கத் தெரிந்தவருக்குத்தான் அதன் உயிர் எங்கே இருக்கிறது என்று தெரியும். அதற்காகத்தான் அவரைச் சொன்னேன்.

சிறிதாக்குவதிலும் ஒரு பொறி இருக்கிறது. எல்லா அளவையும் பத்தில் ஒன்றாக்கினால் மாதிரி ஓடும் என்று நினைப்போம். ஓடாது. நீளம் பத்தில் ஒன்றானால் பரப்பு நூற்றில் ஒன்று, கொள்ளளவு ஆயிரத்தில் ஒன்று. நூறு லிட்டர் சால் நூறு மில்லி ஆகிவிடும். ஒரு டீ கிளாஸ் தண்ணீர்தான். ஆனால் தோலும் கயிறும் அந்த அளவுக்கு மெலிதாகாது. நிஜக் கமலையில் தண்ணீரின் கனத்தில் வால் தானாகத் தளர்ந்து தொங்கும். மாதிரியில் சைக்கிள் டியூபை வாலாகப் போட்டால் விறைப்பாக நின்றுகொண்டு தண்ணீரை விடாது. பலூன் போட்டால் நீண்டுகொண்டே போய் வால்கயிற்றின் அளவைக் கெடுக்கும். பால் பாக்கெட்டை வெட்டிக் குழாயாக ஒட்டினால் ஓரளவு சரியாக வரும், கொஞ்சம் மொரமொரப்பு. ஆட்டுத் தோலை மெலிதாகச் சீவிப் போட்டால் நன்றாக இருக்கும் என்று ஒரு பெரியவர் சொன்னார். யாராவது செய்து பாருங்கள். தேர் மாதிரி செய்பவர்களுக்கும் இதே சிக்கல் வரும். வீரபாண்டித் தேரைச் சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை செருகித்தான் நிறுத்துவார்கள், திருப்புவார்கள். டன் கணக்கான பாரம் கட்டையை அழுத்திப் பிடிப்பதால்தான் அது நிற்கிறது. ஒரு கிலோ தேரைக் கையால் இழுத்தால் அது கட்டையையும் இழுத்துக்கொண்டு போகும். கட்டைக்கு அடியில் உப்புத்தாள் ஒட்ட வேண்டும்.

செலவைப் பற்றி வரும்போதே ஒருவர் கேட்டார். லேசர் எந்திரம் வாங்க வேண்டாம். சிறுநகரங்களிலும் இப்போது பூஜை அறைக் கதவுக்கு டிசைன் வெட்டும் சிஎன்சி கடைகளும், கல்யாணத்துக்குப் பெயர்ப் பலகை வெட்டும் லேசர் கடைகளும் வந்துவிட்டன. படத்தைக் கொடுத்தால் மூன்று மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையில் வெட்டித் தருவார்கள். முதல் மாதிரியை மட்டும் கையால் செய்யுங்கள். ஒரு இழை ரம்பம், ஒரு உளி, அரம், உப்புத்தாள், ஃபெவிகால், கைத்துளைப்பான். இவ்வளவு போதும். மரத்துக்குத் தோட்டத்துப் பக்கம் போனால் சில்வர் ஓக் துண்டு கிடைக்கும், பெட்டி செய்தது போக மிச்சம். மலைவேம்பும் நல்லது, லேசானது, வெட்டச் சுலபம். பல்சக்கரத்துக்கு மட்டும் ஒட்டுப்பலகை, காரணம் பார்த்துவிட்டீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் மரம் ஊதும், நேற்று ஓடியது இன்று இறுகிக்கொள்ளும். அதனால் அச்சுத் துளையை ஒரு மயிரிழை கூடுதலாகவே போடுங்கள்.

எதைச் செய்வது என்று தெரியாதவர்களுக்கு: குண்டளை மோனோ ரயிலில் ஆரம்பியுங்கள், அதுதான் சுலபம். அடுத்து ரோப்வே. மாதிரியில் ஒரு கம்பிச் சுற்றில் பாரப்பெட்டி இறங்கும்போது வெறும்பெட்டியை அது மேலே இழுத்துவிடும், மோட்டார் வேண்டாம்; ஆனால் பிரேக் வைக்காவிட்டால் பெட்டி கீழே வந்து சிதறும். பிரேக்கை எப்படி வைப்பது என்று நான் சொல்லப் போவதில்லை. நெசவு வீட்டுப் பிள்ளைகள், ஆண்டிபட்டி, சக்கம்பட்டி, டி.சுப்புலாபுரம் பக்கமிருந்து யாராவது வந்திருந்தால், தறியை எடுத்துக்கொள்ளுங்கள். அட்டையில் துளை போட்டு எந்த இழை தூக்க வேண்டும் என்று சொல்லும் ஜக்கார்டு பெட்டிதான் கம்ப்யூட்டருக்குப் பெரியப்பா. உங்கள் வீட்டில் அதை ஓட்டத் தெரிந்தவர் இருப்பார், கூகுளைக் கேட்கும் முன் அவரைக் கேளுங்கள். கமலை கடைசி. அது கடினம். அதற்கு முன்னால் கை தூக்கிய அந்த நாலு பெரியவர்களிடம் போய் உட்கார்ந்து, சக்கரம் எவ்வளவு உயரம், வடம் எத்தனை பாகம், வால் எத்தனை முழம் என்று நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த அளவுகள் நூலகத்தில் கிடைப்பது அரிது, அவர்களிடம் இருக்கின்றன. இந்த வருடமே கேளுங்கள்.

மாதிரிகளை மேடைக்குப் பக்கத்து மேசையில் வைத்திருக்கிறோம். எல்லாரும் இயக்கிப் பார்க்கலாம், பார்ப்பதற்குத்தான் கொண்டுவந்தது. மோனோ ரயிலில் பாரம் வைக்கும்போது பக்கச் சக்கரம் இருக்கும் பக்கமாக வையுங்கள். கமலையில் தண்ணீர் ஊற்றியிருக்கிறது, சட்டை நனையும். வேப்பம் பலகைப் பல்சக்கரத்தை மட்டும் வேகமாகச் சுற்ற வேண்டாம், அதில் இன்னும் பத்துப் பன்னிரண்டு பல் மிச்சம் இருக்கிறது.